மாப்பிள்ளைப் பல்

பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் புஷ்பவல்லியின் அண்ணன் அழகேசன் பல் வரிசை மொத்தமும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். குன்னத்திலிருந்து வந்து இறங்கியவள் பையைத் தரையில் வைத்துவிட்டு அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தாள். சட்டை அண்ணனுடையது. காது அண்ணனுடையது. வாய் மட்டும் யாருடையதோ.

அழகேசனுக்கு மேல் வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. பன்னிரண்டு வயதில் போனது. அறுபது வயதில் அவர் கண்ணை மூடும் வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. ஊரில் நாலைந்து அழகேசன்கள் இருந்ததால் இவருக்கு ஓட்டப்பல்லு அழகேசன் என்றே பெயர். ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் கருமாதி. காரியம் முடிந்ததும் படத்திறப்பு. அன்றைக்குத் திறக்கிற படம்தான் சட்டம் போட்டுச் சுவரில் ஏறும். இனி அந்த வீட்டில் பிறக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் தாத்தா. வருஷா வருஷம் மாலை விழுவதும் அந்த முகத்துக்குத்தான்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் அதே படம், ஆள் உயரத்துக்கு. அண்ணன் மகன் பிரேம்குமார் சென்னைக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். அம்மாவும் முன்பே போய்விட்டதால் எல்லா வேலையும் அவன் தலையில்தான்.

"வாங்க அத்தை. சாப்புட்டீங்களா?"

"அது கெடக்கட்டும். உங்கப்பா பல்லு என்னடா இது?"

"ஸ்டுடியோவுல சரி பண்ணிக் குடுத்தாங்க. நல்லாருக்குல்ல?"

"சரி பண்றதுக்கு அது என்ன பஞ்சரா?"

பந்தல்காரர் ஒருவர் ஏணியில் நின்றபடி சிரித்துவிட்டார். பிரேம்குமாருக்கு முகம் சுண்டியது. அத்தையை உள்ளே அழைத்துப் போனான்.

"அத்தை, என் நிச்சயதார்த்தம் ஞாபகம் இருக்கா? திருச்சியில. பொண்ணு வூட்டு ஆளு ஒருத்தரு, 'சம்பந்திக்கு ஒரு பல்லு கட்டிக்கக் கூடவா முடியல'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கிப் பூராவும் அப்பா துண்டால வாயப் பொத்திக்கிட்டேதான் சாப்பிட்டாரு. நான் எதுத்தாப்புல உக்காந்து பாத்தேன். இனிமே எவனும் அவரப் பாத்துச் சிரிக்கக் கூடாது. அவ்ளோதான்."

புஷ்பவல்லி கொஞ்சம் அடங்கினாள். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை.

"பொத்திக்கிட்டாருடா. கட்டிக்கல. ஆஸ்பத்திரி வரைக்கும் போயி, சேர்ல ஏறி உக்காந்துட்டு எறங்கி வந்துட்டாரு, தெரியுமா? 'மூடிட்டா விசிலு வராதாம் புஷ்பா'ன்னாரு."

அந்த விசில் சோளக்காட்டின் கோடி வரைக்கும் கேட்கும். உதட்டில் விரல் வைக்க வேண்டாம், நாக்கை மடிக்க வேண்டாம். அந்த இடைவெளியில் காற்றை விட்டால் போதும்.

"பொழுது போனதும் கிரிக்கெட்ட வுட்டுட்டு ஓடியாருவியே, எதக் கேட்டுட்டு வந்த? அந்த ஓட்ட வழியாத்தாண்டா நீ தெனமும் வூடு வந்து சேந்த."

பிரேம்குமார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "லாரி டயருக்குள்ள உக்காந்து உருண்டு ஒடைச்சுக்கிட்டது. அதுல என்ன பெரும அத்தை? அந்தக் காலத்துல உங்களயெல்லாம் கேக்க ஆளில்ல. நீங்கள்லாம் பொழச்சதே பெருசு" என்றான்.

"ஆமாடா. பொழச்சோம்ல? லாரி டயரு அவரக் கொல்லல. பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தப்பதான் போனாரு. அதுக்காகச் சேர்ல யாரும் உக்காரக் கூடாதுன்னு போர்டு மாட்டுவியா?"

சொல்லிவிட்டு வெளியே வந்தவள், ஃபிளெக்ஸின் மூலையில் இருந்த ஸ்டுடியோ விலாசத்தைப் பார்த்துக்கொண்டு அரியலூர் போகிற மினி பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கிழக்கே சுண்ணாம்புக்கல் குழிகள் தெரிந்தன. இப்போது சுற்றிலும் கம்பி வேலி.

அப்போது வேலி ஏது? வெட்டி நொறுக்கிய கல்லும் தூளும் லாரி வரும் வரைக்கும் அரைப் பனை உயரத்துக்கு மேடாகக் கிடக்கும். ரோட்டோரக் கடையில் கழித்துப்போட்ட லாரி டயர் ஒன்றை அண்ணனும் அவன் கூட்டாளி அமாவாசையும் உருட்டிக்கொண்டு வந்து உச்சிக்கு ஏற்றினார்கள். ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். இறங்குவதற்கு ஒரு மூச்சு போதும். டயருக்குள் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, உள்விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுருள வேண்டும். மேலிருந்து தள்ளுகிறவன், "வுட்டாச்சேய்! வழி வுடு!" என்று கத்துவான். அந்தச் சத்தம் கேட்டால் கீழே நிற்கிறவன் யோசிக்கக் கூடாது, பக்கவாட்டில் தாவிவிட வேண்டும். அமாவாசை ஒரு தடவை யோசித்தான். டயர் அவன் கால்மேல் ஏறிப் போனது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டோடு வந்து, உட்கார்ந்தபடியே டயரைத் தள்ளினான்.

மேட்டுக்குக் கீழே மழைத்தண்ணீர் நிறைந்த பழைய குழி. குழிக்கு முன்னால் ஒரு மண்கரை. டயர் கரையில் மோதி நின்றுவிடும். பெரும்பாலும் நின்றுவிடும்.

புஷ்பவல்லியை ஏற்றக் கூடாது என்று பையன்கள் எல்லாரும் ஒரே பேச்சாக நின்றார்கள். பொட்டப்புள்ள பாவாடையோட எப்படி உருளும் என்றான் ஒருவன். அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் கால்சட்டை ஒன்றை எடுத்துவந்து, "போட்டுக்கிட்டு ஏறு" என்றான். ஒன்பது வயது. வானம், மண், வானம், மண். ரப்பர் நாற்றம். கடைவாயில் சுண்ணாம்புத் தூள் நறநறவென்றது. கரையில் மோதி நின்ற பிறகும் உலகம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாரும் அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள். அவள், "இன்னொரு வாட்டி" என்றாள்.

அவளுக்கு அடுத்து ஏறிய அண்ணனின் டயர்தான் கல்லில் எகிறிக் கரையைத் தாண்டியது. தண்ணீரிலிருந்து எழுந்து வந்தவன் வாயெல்லாம் ரத்தம். சிரித்துக்கொண்டே வந்தான். எல்லாரும் பல்லைத் தேடினார்கள். வெள்ளைக் கல் மேட்டில் ஒரு வெள்ளைப் பல்லை எங்கே தேடுவது? மறுநாள் சிமெண்டு ஆலை லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. 'என் பல்லு சிமெண்டாயி எவன் வூட்டுச் சுவத்துலயோ இருக்கு, ஒரு நாள் வாடக வாங்கிடுறேன் பாரு' என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டில் விளக்குமாற்று அடி. கொஞ்ச வருஷத்தில் அவள் வயசுக்கு வந்தாள், வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். பிறகு குன்னம், பருத்திக்காடு, வெங்காயம், புருஷன், பிள்ளைகள். இன்னொரு வாட்டி என்று கேட்கிற மாதிரி எதுவும் அவளுக்கு அப்புறம் அமையவில்லை. ஆனால் அண்ணன் வாயைத் திறந்து சிரிக்கும்போதெல்லாம் கால்சட்டை போட்ட அந்தப் பெண் அங்கே இருந்தாள். அந்த இடத்தைத்தான் அடைத்துவிட்டார்கள்.

ஸ்டுடியோக்காரர் நல்ல மாதிரிதான். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"தம்பி, இது யாரு பல்லு?"

அவர் தலையைச் சொறிந்தார். "போன வாரம் எடுத்த ஒரு மாப்பிள்ளையோடதும்மா. கலரு கரெக்டா மேட்ச் ஆச்சு."

"அவரு பல்லுக்கு நாளைக்கிக் காரியம் பண்ணப்போறோம்னு அந்த மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"ஐயையோ, அப்புடியெல்லாம் பேசாதீங்கம்மா." அவர் உண்மையாகவே பயந்துபோனார். "ஒரிஜினல் இருக்குது. ஆனா ஆர்டர் குடுத்த சார் சொல்லணும். சாயங்காலம் பிரிண்டு போட்டு ஃபிரேம் அடிச்சுருவேன். அதுக்குள்ள ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

ஊருக்குத் திரும்பி வந்து சொன்னாள். பிரேம்குமார் வாடகைப் பாத்திரங்களை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தான்.

"முடியாது அத்தை. இந்த ஒண்ணுல மட்டும் என்னைய வுட்டுடுங்க."

"உடமாட்டேன். நாளைக்கித் தெரைய வெலக்கறப்ப அது எங்கண்ணன் இல்லன்னு சபையில எந்திரிச்சுச் சொல்லுவேன்."

"அசிங்கமாயிரும்."

"ஆவட்டும்."

அவன் பாத்திரங்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான். அவள் பந்தலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் ஒரு ஆள் வந்தார். நரைத்த தலை, கையில் மஞ்சள் பை, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடை. ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பந்தலுக்கு எதிரே நின்று, அந்த ஆள் உயரப் படத்தை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. யார் வீட்டுத் துக்கத்துக்கோ தலையைத் தாழ்த்துவது போலத் தாழ்த்திவிட்டு நடையைக் கட்டினார்.

புஷ்பவல்லி எழுந்தாள். அந்தச் சாய்ந்த காலை அவளுக்குத் தெரியும். பெயர் வாய்க்கு வருவதற்குள் வேறொன்று வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதுத் தொண்டை கிழிய,

"வுட்டாச்சேய்! வழி வுடு!"

தெருவில் போய்க்கொண்டிருந்த கிழவர் யோசிக்கவே இல்லை. பையை விட்டெறிந்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரே தாவலாகத் தாவி, எதிர்வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பந்தல்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றுவிட்டார்கள். கிழவர் ரோட்டைப் பார்த்தார். டயரும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா? அடியேய், நீயா?"

"வூட்ட வுட்டுட்டு எங்கண்ணே போற?"

அமாவாசை ஊரை விட்டுப் போய் நாற்பது வருஷம். லப்பைக்குடிக்காட்டில் பஞ்சர் கடை. இன்றைக்கும் பிழைப்பு டயரோடுதான். சாவுச் சேதி அவருக்கு நேற்றுதான் தெரிந்தது. அழகேசன் கட்டிய இந்தப் புது வீட்டை அவர் பார்த்ததில்லை.

"பஸ் ஸ்டாப்புல ஃபிளெக்ஸ் பாக்கலயா?" என்று கேட்டான் பிரேம்குமார்.

"பாத்தேன் தம்பி. அழகேசன்னு பேரும் போட்டிருந்திச்சு. இந்த ஊருலதான் தடுக்கி உழுந்தா ஒரு அழகேசன் இருப்பானே. யாரோ டவுன் ஆளாட்டம் இருந்திச்சு, வேற துக்கம்னு நெனச்சுட்டேன். ஓட்டப்பல்லன் வூடு எதுன்னு டீக்கடையில வேற கேட்டேன், இந்தத் தெருன்னாங்க." அவர் மறுபடியும் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "இதுவா அவன்?"

அந்தக் கேள்வியில் கேலி கொஞ்சமும் இல்லை. அதனால்தானோ என்னவோ பிரேம்குமாரால் அங்கே நிற்க முடியவில்லை. தெருவில் கிடந்த மஞ்சள் பையை எடுத்துவந்து, மண்ணைத் தட்டி அவரிடம் கொடுத்தான். உள்ளே போனான். திரும்பி வந்தபோது கண்ணைக் கழுவியிருந்தான், காதில் போன்.

"அண்ணே, நாந்தான், நாளைக்கிப் படத்தெறப்பு ஆர்டரு. பிரிண்டு போட்டுட்டீங்களா? போடலல்ல? அந்தப் பல்ல எடுத்துடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவன் அத்தையைப் பார்த்தான்.

"அந்த மாப்பிள்ளைக்கே குடுத்துரச் சொல்லு" என்றாள் புஷ்பவல்லி.