கூடத்துக்கு வந்த சதுப்பு

தையல்காரி கல்யாணமாகி நகரத்து மூன்றாம் மாடிக்குக் குடிவந்த இரண்டாம் மாதம், அவள் பிறந்து வளர்ந்த சதுப்பு நிலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கூடத்துக்குள் வந்து சேர்ந்தது. கணுக்கால் அளவு தண்ணீர், இடுப்பு உயரத்துக்கு நாணல், தையல் மெஷின் மேல் ஒற்றைக் காலில் ஒரு சாம்பல் நாரை. கீழ்வீட்டுக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நாய் பூனை வளர்க்கக் கூடாது என்றுதானே சொன்னோம், இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் ஒரு வாரம் முணுமுணுத்தான், பிறகு பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டான். அவளுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊரைவிட்டு வந்ததிலிருந்து உட்கார்ந்தால் எழுந்துகொள்ளலாம் போலவும் எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமலும் தவித்தவள், வெட்டிய துணியை மடியில் போட்டுக்கொண்டு சேற்று வாசனையை ஆசை தீர முகர்ந்தாள்.

அவளுடைய அண்ணன் ஊரில் மிச்சமிருந்த சதுப்பில் நாணல் அறுத்துப் பிழைப்பவன். தண்ணீர் குறையக் குறைய, மேட்டுத் தோட்டக்காரர்கள் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று அவர்களோடு சண்டைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம் வற்றுகிறது என்று புரிந்தபோது அவனுக்குச் சுருக்கென்றது. தங்கச்சி தைக்காமல் சும்மா இருப்பது அன்றைக்குத்தான். போன் போட்டான்.

"நீ சும்மா உக்காந்து நம்ம தண்ணியையே நினைச்சிட்டிருக்கியா?"

"இல்லண்ணா."

"அப்புறம் எப்படி வத்துது? இங்க நாரையில பாதியக் காணோம்."

மெஷின் மேலிருந்த நாரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொன்ன வாய் அவளுக்கே கசந்தது.

அன்றிலிருந்து நினைக்காமல் இருப்பதே அவளுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. ஞாயிறும் தைத்தாள். சதுப்பு ஞாபகம் வரும்போதெல்லாம் மாமியாரின் குத்தல் பேச்சுகளை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். தண்ணீர் பாதம் நனையும் அளவுக்கு இறங்கியது, அவளுடைய கை மட்டும் நிலைகொள்ளாமல் சட்டைகளுக்கு இடது கைத்துணியை வலது பக்கம் வைத்துத் தைத்துத் தள்ளியது. போதாக்குறைக்குப் புருஷனுக்கு இப்போது தவளைச் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை. "சும்மாதான் கேக்கறேன், மழைக்கு முன்னாடி உங்க ஊர்ல தவளை எந்த மூலையில கத்த ஆரம்பிக்கும்?" என்பான் ஒன்றும் தெரியாதவன் போல. அவள் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டிருக்கும். அங்கே அண்ணன் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் வந்தன. அண்ணி போனில் அழுத அன்று அவள் பெட்டியைக் கட்டினாள். "நான் அங்கேயே போயிடறேன். என்னால அவங்க வயித்துல அடிக்க முடியாது" என்றாள். புருஷன் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீருக்குள் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கிளம்புவதற்குள் அண்ணன் கிளம்பிவிட்டான். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, அறுப்பு அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அந்தத் தண்ணீரைப் பிரிந்து இருந்தவனில்லை. இரண்டாவது நிறுத்தத்திலேயே அதன் ஞாபகம் வந்துவிட்டது. ஜன்னலை மூடினான், திறந்தான், இடம் மாறி உட்கார்ந்தான். பாதி வழியில் பஸ்ஸுக்குள் தண்ணீர் ஏற, எல்லோரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் நாரைகளுக்கு டிக்கெட் கேட்கலாமா என்று யோசித்து, நின்றுகொண்டுதானே வருகின்றன என்று விட்டுவிட்டார்.

தங்கச்சி கதவைத் திறந்தபோது அவன் நின்றான், மிச்சச் சதுப்பு முழுவதும் அவனுக்குப் பின்னால் மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தது. வாசற்படியில் இரண்டு தண்ணீரும் சேர்ந்தன. வழியெல்லாம் வசவு சேர்த்துவைத்துக்கொண்டு வந்தவன் சாக்கைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"தினமும் இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?" என்றான்.

அவள் தலையாட்டினாள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சாக்கைப் பிரித்தான்.

"நாணல் எந்தப் பக்கம் முத்தியிருக்கு?"

"சமையல்கட்டுப் பக்கம்ண்ணா."

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மெக்கானிக், அறுத்த கட்டுகளையெல்லாம் லிஃப்டில் கீழே இறக்கிக் கொடுத்தான். அடுத்த அறுப்புக்குள் அண்ணியும் பிள்ளைகளும் எதிர்வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஊரில் இப்போது யாராவது சதுப்புக்கு வழி கேட்டால், பஸ் நம்பரைச் சொல்லி, மூன்றாம் மாடி, செருப்பை வெளியே விட்டுவிடுங்கள் என்கிறார்கள்.