நாலு இஞ்சா, ஆறு இஞ்சா

"கொஞ்சம் பொறுங்க அண்ணி. ஸ்பிரிங் பட்டையை மட்டும் மாட்டிட்டா வண்டியை உருட்டிடலாம்" என்றான் கொழுந்தன், வண்டிக்கு அடியிலிருந்து. அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியற்காலையில் இறந்துபோன கணவர் உள்ளறையில் கிடந்தார். பெட்டியோடு வந்த சவ வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. நடுவில், வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே இருந்த ஒரே வழியை அடைத்துக்கொண்டு, கட்டைகளின் மேல் சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்தது அவருடைய பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். காலையில் வந்த டாக்டர்கூட வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நுழைந்தார். பெட்டி வயிற்றை எக்காது.

மூன்று வருடமாக இந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. மலைப்பாதையில் ஓட்டப் பெரிய டயர் வேண்டும் என்றார். பெரிய டயரைப் பழைய ஆக்சில் தாங்காது என்று, கனமான லாரியின் ஆக்சில்களைத் தேடிப் பிடித்து மாட்டினார். அவற்றில் ஆறு போல்ட். பழைய சக்கரங்களில் ஐந்து ஓட்டை. அவை பழைய இரும்புக் கடைக்குப் போயின. புது டயர்கள் வந்து இறங்கிய பிறகுதான், வண்டியைத் தூக்கிக் கட்டாவிட்டால் அவை மட்கார்டில் உரசும் என்பது தெரிந்தது. எத்தனை இஞ்ச் தூக்குவது? நாலா, ஆறா? அங்கே நின்றதுதான் வண்டி. இரண்டு அளவு ஸ்பிரிங் பட்டைகளும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பெருக்கும்போதெல்லாம் அவள் இடித்துக்கொண்டாள்.

கணவரின் சிநேகிதரான மெக்கானிக், எல்லோரும் 'ஸ்பேனர்' என்று கூப்பிடுகிறவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளறையிலிருந்து வந்தார். குனிந்து பார்த்தார்.

"எந்தப் பட்டையடா மாட்டறே?"

"ஆறு இஞ்ச்."

"அடப்பாவி! ஆறு ஏத்தினா ஷாஃப்ட் சாஞ்சு கழண்டுக்கும்டா. உங்கண்ணன் என்கிட்ட நாலுன்னு முடிவாச் சொல்லிட்டான்."

"என்கிட்ட ஆறுன்னாரே!"

"எப்போ?"

"போன வாரம்."

"என்கிட்ட முந்தாநேத்து!"

"முந்தாநேத்து காய்ச்சல்ல சொன்னதெல்லாம் கணக்குல வராது."

வெளியே ஹாரன் அடித்தது. "அம்மா, எனக்கு இன்னொரு இடத்துக்கும் போகணும்மா" என்று டிரைவர் குரல் கொடுத்தார்.

"நேத்து ராத்திரி என்னையும் கேட்டார்" என்றாள் அவள்.

கொழுந்தன் உருண்டு வெளியே வந்தான். "நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"எதையாவது பண்ணித் தொலைங்கன்னேன்."

ஸ்பேனர் தரையைப் பார்த்தார். மதிலோரம் சாய்த்து வைத்திருந்த பெரிய டயர்களை அவள் பார்த்தாள்.

"ரெண்டும் வேண்டாம். பழைய பட்டையே இருக்கட்டும், அந்த டயரை இப்படியே மாட்டுங்க."

"உரசும் தங்கச்சி!"

"எப்போ உரசும்?"

"ஸ்டீயரிங்கைத் திருப்பினா. பள்ளத்துல இறங்கினா."

"இப்ப யாரு திருப்பப்போறா? எதிர்ல காலி மனைதானே? கேட்டைத் தாண்டி நேராத் தள்ளுங்க."

"அண்ணன் இதுக்கு ஒத்துக்கவே மாட்டாரு அண்ணி."

"எழுந்து வந்து சொல்லச் சொல்லு."

சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார்கள். ஸ்டீயரிங் பிடிக்க ஆள் வேண்டும். தள்ளுகிறவர்களில் ஒருவரைக்கூடக் குறைக்க முடியாது என்றார் ஸ்பேனர். அவளே கதவைத் திறந்து ஏறினாள். சீட் அவருடைய நீளக் கால்களுக்காகப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. அவளுக்கு பிரேக் எட்டவில்லை. நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நேரா அண்ணி! அப்படியே நேரா!"

வண்டி முனகிவிட்டு நகர்ந்தது. ஸ்பேனர் மட்கார்டில் தலையை வைக்காத குறையாகக் கூடவே ஓடினார். "ஒரு விரல் இடம் இருக்கு! உரசலை! டேய், உரசலைடா!" என்று கூவினார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கேட், தெரு, எதிர் மனை. புல்லில் ஏறி வண்டி நின்றது.

"போதும் அண்ணி, விடுங்க" என்றான் கொழுந்தன், ஜன்னலோரம் மூச்சு வாங்கியபடி.

"கல் வச்சியா?"

"வச்சாச்சு."

"எல்லாச் சக்கரத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் வச்சாச்சு. இறங்குங்க."

பக்கக் கண்ணாடியில், திறந்து கிடந்த வழியாகப் பெட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகவே பிடித்திருந்தாள்.