மழை தொடாத பெயர்

நெஸ்மோகல் குடும்பத்தார்மேல் மழை பெய்யாது. மொராவியாவின் ஸாலெசோவ் ஊரில் இதை உருளைக்கிழங்கு விலை சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். செக் மொழியில் அந்தப் பெயருக்கு நனையாதவன் என்று பொருள். முன்னொரு காலத்தில் ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் நாடோடி ஒருவன் மேட்டில் பாழாய்க் கிடந்த வீட்டில் வந்து குடியேறினான். அந்த வருஷத்து நற்கருணை ஊர்வலத்தில் கொட்டிய மழையில் பாதிரியாரே ஊறிப்போக, அவன் மட்டும் காய்ந்து நின்றான். கையிலிருந்த மெழுகுவத்தியும் அணையவில்லை. அன்றிலிருந்து அவனுக்கும் வீட்டுக்கும் அதுவே பெயர்; ஊர்வல மெழுகுவத்தியும் அந்த வீட்டார் கையில்தான். அந்தப் பக்கத்தில் பெயர் வீட்டோடுதான் போகும். வீட்டோடு மாப்பிள்ளையாக வருகிறவன் அப்பன் பெயரை விட்டுவிட்டு வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்வான். கட்டிக்கொண்டு போகிற பெண் அடுத்த மழையிலேயே நனைந்துவிடுவாள். வியன்னாவுக்குப் பிழைக்கப் போன ஒருவன் ரயிலடியிலேயே தொப்பலாக நனைந்து, புதுப்பெயர் வைத்துக்கொண்டான். ஆகவே ஊரெல்லையான ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு நெஸ்மோகல்கூடக் கிடையாது.

கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள் வெளியூர்க்காரர்கள். சொல்ல மாட்டார்களா பின்னே! அந்த வீட்டின்மேலும் மழை விழாது, பின்னாலிருக்கும் பிளம் தோட்டத்திலும் விழாது. கடைசி நெஸ்மோகலான அப்போலேனா, அப்பா நட்ட மரங்களுக்கு ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து தோள் காய்த்துப்போனாள். ஊரே ஓடி ஒதுங்கும்போது அவள் மட்டும் வெட்டவெளியில் முகத்தை அண்ணாந்து நிற்பாள். ஒரு சொட்டு விழாது. அதை நினைத்து அவள் அழுததுண்டு.

தச்சன் ஷிமோன் குபெல்கா அவளைக் கேட்டு வந்தான். "கீழ என் வீட்டுக்கு வந்துடு, அப்போலேனா. ஆசை தீர நனையலாம்" என்றான். அவளுக்கும் ஆசைதான். ஆனால் அவள் இறங்கிப்போனால் வீடு பூட்டிக் கிடக்கும், மரங்கள் பட்டுப்போகும், பெயர் அன்றோடு சரி. பக்கத்து வீட்டு பிளாஷெனா வேறு வேலியோரம் வந்து நின்றாள். "ஏண்டி, நீ போயிட்டா ஊர்வலத்துல மெழுகுவத்திய யாரு பிடிப்பா? சாமி இருட்டுல நடக்கவா?"

ஷிமோன் ஒரு வாரம் மரம் இழைத்துக்கொண்டே யோசித்தான். பிறகு வந்து, "நான் மேல வந்துடறேன். உன் பேர எனக்குக் குடு, என் பேர நீ எடுத்துக்கோ" என்றான்.

"பைத்தியமா உனக்கு? மழைன்னா உனக்கு உசுராச்சே!"

"நனைஞ்ச வரைக்கும் போதும். இனிமே நீ நனை."

ஊர் சிரித்தது. பெயரை இப்படி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது கேள்விப்படாத கூத்து. தடுக்கும் விதி எதுவும் பாதிரியாருக்கு ஞாபகம் வராததால் மணம் முடித்துவைத்தார்.

முதல் மழைக்கு ஊரே வேலியோரம் கூடியது. கூரையில் ஒரு சொட்டு இல்லை, ஷிமோன்மேலும் இல்லை. காய்ந்த தோட்டத்தின் நடுவே அப்போலேனாமேல் மட்டும், ஒரு மரத்தடி அகலத்துக்குக் கொட்டியது. "ஐயோ, என்னமா குளுருது!" என்று கத்தினாள், அழுதாள், சிரித்தாள். பிளாஷெனாதான் முதலில் சுதாரித்தாள். "ஒரே இடத்துல நிக்காதடி! அந்தக் கோடி மரம் வாடிக் கிடக்கு பாரு!"

அப்போலேனா நடந்தாள். மழையும் கூடவே நடந்தது. அதன்பின் அந்த வீட்டில் யாரும் வாளி தூக்கவில்லை. ஊர்வலத்து மெழுகுவத்தி ஷிமோன் நெஸ்மோகல் கையில் எரிந்தது. மழை வந்தால் அவள் ஒவ்வொரு மரத்தடியிலும் கொஞ்சநேரம் நிற்பாள். அவள் தலைதுவட்டக் காய்ந்த துண்டோடு அவன் பின்னாலேயே போவான்.