துவைத்த சேலை

பொங்கலுக்கு இன்னும் இருபது நாள்தான். அந்த நேரத்தில் சிறுமலைக் காட்டுக்குக் கூப்பிட்டதே தப்பு என்று என் மனைவி சோலையம்மாள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் ஒரு நாள் சும்மா உட்கார்ந்ததில்லை. எனக்கு மில்லில் ரெண்டு நாள் லீவு கிடைத்தது. கூட வேலை பார்க்கும் வெள்ளைத்துரை சொல்லி, ஃபாரஸ்ட் பங்களாவில் ஒரு அறையும் கிடைத்தது. விடுவேனா?

அவள் கவலையெல்லாம் மயிலையைப் பற்றித்தான். ஜல்லிக்கட்டுக்கென்று அவள் வளர்த்த காளை. அவள் வைத்தால்தான் தவிடும் தண்ணீரும் தொடும். வேறு யார் போனாலும் கொம்பை ஆட்டும். அதற்கும் ஒரு வழி உண்டு. அவள் உடுத்திக் களைந்த சேலையைக் கட்டிக்கொண்டு போனால், வாடை பிடித்துச் சாந்தமாகிவிடும். என் அக்கா மாயக்காள் விளாங்குடியில் எங்கள் வீட்டில் தங்கி அப்படிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

சனிக்கிழமை முழுக்க சோலையம்மாள் காட்டைப் பார்க்கவேயில்லை. பிள்ளைகள் குரங்கைக் காட்டினால் "ம்" என்பாள். உட்கார்வாள், எழுந்திருப்பாள்.

"மணி என்னாச்சு? இந்நேரம் தண்ணி காட்டியிருப்பாகளா?"

"பேசாம காளைக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் எரிச்சலாக வந்தது.

ஞாயிறு காலை ஓடையில், நான் ஆசையாக வாங்கி வந்த வாசனை சோப்பைப் போட்டுக் குளித்தாள். பிறகு சேலையைக் கல்லில் அடித்துத் துவைத்தவள் சட்டென்று நின்றாள்.

"அய்யய்யோ! அந்தச் சேலைய நான் தொவைச்சுல்ல குடுத்துட்டு வந்தேன்!"

"அறிவிருக்கா உனக்கு?"

"பின்னே, நாத்தனாருக்கு யாராச்சும் அழுக்குச் சேலையவா குடுப்பாக?"

மதியத்துக்கு வைத்திருந்த கட்டுச்சோற்றைக்கூடப் பிரிக்காமல், ஈரத்துணியோடு பஸ் பிடித்தோம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அக்கா தொழுவத்து வாசலில் அழுதுகொண்டு நின்றாள். "நேத்துலருந்து பொட்டுத் தண்ணி குடிக்கல, தம்பி. கிட்டயே விடமாட்டேங்குது."

சோலையம்மாள் உள்ளே ஓடினாள். மயிலை மோந்து பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, அவளுக்கே கொம்பை ஆட்டியது. எல்லாம் என் சோப்பு செய்த வேலை! அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம்.

குனிந்து, சாணத்தை அள்ளிக் கையிலும் கழுத்திலும் பூசிக்கொண்டாள்.

"நாந்தான்டா," என்றாள்.

மயிலை மறுபடி மோந்தது. மெதுவாகத் தொட்டியில் வாயை வைத்தது. தண்ணீர் முழுவதும் தீர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கட்டுச்சோற்றைத் தொழுவத்திலேயே பிரித்தோம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். சோலையம்மாளைச் சாப்பிடக் கூப்பிடத் திரும்பினேன். காட்டில் ஒரு நிமிஷம் நிம்மதியாக உட்காராதவள், படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த மயிலையின் மேல் சாய்ந்து, சாணக்கையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுப்பவில்லை.