டிஞ்சர் வாடை

மூன்று பாட்டில்களைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து என் முன்னால் இறக்கினான் தம்பி ஜெயபாண்டி. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்த அதே தாம்பாளம். அம்மா காலையிலேயே புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தாள். அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. மத்தியானம் என் புருஷன் விருந்துக்கு வருகிறார், சாப்பிட்டுவிட்டு என்னைக் காரில் ஏற்றி ராஜபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று மம்சாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. போகிறாயா என்று என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

"மூணுமே பொக வாடை உள்ள ஸ்காட்ச்தான்க்கா. மதுரையில பெரிய கடையில சொல்லி வாங்கியாந்தேன். இதுல மச்சான் குடிக்கிறது எதுன்னு நீதான் மோந்து பாத்துச் சொல்லணும்" என்றான்.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருக்கிறான். கேண்டீன் ரம்மைத் தவிர வேறு எதன் வாடையும் அவனுக்குத் தெரியாது. எல்லையில் பனியில் துப்பாக்கி பிடித்து நிற்கிறவன், மச்சான் வருகிறார் என்றதும் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து நின்றான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். பொன்னுராஜ். சொல்லியாயிற்று, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருக்கிறார், வீட்டோடு ஒட்டினாற்போல. துணி வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் இந்தப் புகை விஸ்கியை அவருக்குப் பழக்கிவிட்டுப் போனார். அதிலிருந்து வாராவாரம் சிநேகிதர்களை உட்காரவைத்து வகுப்பு எடுப்பார். ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவு இருக்கிறதாம். அங்கே சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம். அந்தப் புகையில் முளைவிட்ட பார்லியை உலர்த்துவதால்தான் இந்த மணமாம். ஐஸ் போடுகிறவன் மடையனாம், நாலு சொட்டுத் தண்ணீர் போதுமாம். அடுப்படியில் ஈரல் வறுத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். பாட்டிலோடு வைத்து ஊற்றினால் கௌரவக் குறைச்சல் என்று, உருண்டை மூடி போட்ட கண்ணாடிக் குடுவை ஒன்றில் மாற்றி, துணி வாங்க வருகிறவர்களுக்கு மாதிரி காட்டுகிற சாம்பிள் அறை அலமாரியில் வைத்திருப்பார். இது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது. அதே அலமாரியில்தான் பேண்டேஜ் சுருளும் பஞ்சும் மருந்து பாட்டில்களும் இருந்தன.

இப்போது சொல்லுங்கள், குற்றம் யாருடையது? ஒரு நாள் சாயந்திரம் தறியில் அறுந்த இழையை எடுக்கப்போன மாரிசெல்விக்கு விரல் கிழிந்துவிட்டது. சின்னப் பெண், போன வருஷம்தான் வேலைக்கு வந்தவள். ரத்தம் முழங்கை வரைக்கும் ஒழுகியது. நான் சாம்பிள் அறைக்கு ஓடினேன். குடுவையின் மூடியைத் திறந்தேன். குப்பென்று டிஞ்சர் வாடை அடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நுழைந்தால் அடிக்குமே, அதே வாடை. பேண்டேஜ் சுருளுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் குடுவையில், டிஞ்சர் வாடையோடு ஒன்று இருந்தால் அதை யாராவது சாராயம் என்று நினைப்பார்களா? பாதிக் குடுவையை அவள் விரலில் ஊற்றிக் கழுவி, மீதியில் துணியை நனைத்துக் கட்டிவிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். மாரிசெல்வியைப் பார்க்கவில்லை, குடுவையைப் பார்த்தார். அன்றைக்கு எங்கேயோ குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். குடுவையின் மூடியாலேயே என் புருவத்தில் அடித்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குனிந்து, மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி முகத்தைக் கொண்டுவந்து ஊதினார். "மோந்து பாரு. நல்லா மோந்து பாரு. இது டிஞ்சரா?" என்றார். கோபம் வந்தால் அவருக்கு அப்படித்தான், எட்ட நின்று பேசத் தெரியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் தையல் போட்டுத் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டார்கள். அந்தத் துணி அவர் தறியில் நெய்ததாகக்கூட இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த பிறகு மாரிசெல்வி ஒரு நாள் போன் செய்தாள். "யக்கா, நீங்க போட்ட மருந்து நல்லாக் கேட்டுச்சு, சீழு கீழு ஒண்ணும் வைக்கல" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் தையல் போட்ட இடம் வலித்தது.

சித்தப்பா பால்ச்சாமிதான் பேச்சுவார்த்தைக்குப் போனார். போகும்போது மீசையை முறுக்கிக்கொண்டு போனவர், வரும்போது சம்பந்தியிடம் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். "ஒரு பாட்டில்ல முடியுத விசயம்ட்டி. அவிய பெருந்தன்மையாத்தான் பேசுதாவ" என்றார். அந்தப் பெருந்தன்மை என்னவென்றால், நான் வீணாக்கியதை எங்கள் வீட்டார் திருப்பி வைக்க வேண்டும். விருந்தில் மச்சினன் கையால் முதல் கிளாஸ் ஊற்றித் தர வேண்டும். எங்கள் பக்கம் கோபித்துப் பிரிந்த மாப்பிள்ளையை மறுபடி அழைக்கும்போது மச்சினன் ஊற்றிக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் அது என்ன பாட்டில் என்று அவர் சொல்ல மாட்டாராம். "உங்க பொண்ணுக்குத்தான் டிஞ்சருக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியலையே. அவளே மோந்து கண்டுபிடிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இதைச் சித்தப்பா ஏதோ நகைச்சுவை மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

தாம்பாளத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மூன்று கண்ணாடி கிளாஸில் ஜெயபாண்டி ஒரு மடக்கு அளவுக்கு ஊற்றினான். கறுப்பு பாட்டில் ஒன்று, கப்பல் படம் போட்ட குட்டையான பாட்டில் ஒன்று, பச்சைப் பாட்டில் ஒன்று. பேரை வாசிக்க அவனுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. முதல் கிளாஸில் மூக்கை அப்படியே விட்டு இழுத்ததில் மூக்குத் தண்டு எரிந்து கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாத்துக்கா, பைய" என்றான்.

எனக்குப் புகை புதிதில்லை. இங்கே வந்ததிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறேன். முந்திரித் தோடு எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்று பால் கிண்டுவேன். பால் மாதிரி வாடையை இழுக்கிற பொருள் உலகத்தில் இல்லை. காற்று திரும்பிப் புகை வாணலிப் பக்கம் வந்துவிட்டால் அந்தச் சட்டி பாழ். அது லேசாக ஏறியிருக்கிறதா, தின்ன முடியாதபடி ஏறியிருக்கிறதா என்று பார்க்க, புறங்கையில் ஒரு துளி தேய்த்து, சூடு அடங்கிய பிறகு மோந்து பார்ப்போம். அதையே இங்கேயும் செய்தேன். சாராயத்தின் காந்தல் பறந்த பிறகு புறங்கையில் நின்றது புகை மட்டும்தான்.

கறுப்பு பாட்டிலில் புகை எட்டத்தில் இருந்தது. ரெண்டு தோட்டம் தள்ளி யாரோ வெல்லம் காய்ச்சுகிற மாதிரி, தித்திப்புக்குப் பின்னால் கொஞ்சம். குட்டை பாட்டிலில் கருவாடு சுட்ட வாடை, சாம்பலும் உப்பும். இரண்டிலும் நாக்கை நனைத்துப் பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, மோந்து பாக்கத்தான சொன்னாவ, எதுக்குக் குடிக்க?" என்றாள். முதலாவது தித்திப்பாக இறங்கியது, இரண்டாவது தொண்டையில் கரி பூசிவிட்டுப் போனது. இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பச்சைப் பாட்டிலுக்குப் புறங்கை தேவைப்படவில்லை. கிளாஸ் நெஞ்சு உயரத்துக்கு வரும்போதே தெரிந்துவிட்டது. தையல் போட்ட புருவம் தானாக இழுத்தது. சாம்பிள் அறைத் தரை, ரத்தம், என் முகத்துக்கு முன்னால் அவர் வாய். அம்மாவிடம் நீட்டினேன். மோந்துவிட்டு, "இது டிஞ்சர்லட்டி! கடைக்காரன் ஏமாத்திப்புட்டானோ?" என்று பதறினாள்.

"அதுக்குத்தாம்மா எனக்கு மண்டை ஒடைஞ்சது" என்றேன்.

அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கோழியைக் கிண்டப் போனாள்.

அவர் வகுப்பில் சொன்னபடி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஒரு வாய் குடித்தேன். முதலில் மருந்து, அப்புறம் மண், அப்புறம் புகை. எல்லாம் அடங்கிய பிறகு அடியிலிருந்து மெல்ல ஒரு இனிப்பு வந்தது. நன்றாக இருந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாத ஆத்திரத்தைக் கொடுத்தது. இத்தனை பதமான ஒன்றை வாய்க்குள் வைத்து, பொறுமையாக ருசி பார்த்து, நாலு பேருக்கு விளக்கம் சொல்லத் தெரிந்த மனுஷன், அதே வாயால்தான் என் முகத்தில் ஊதினார். குடித்தால் அவருக்குப் புத்தி தெரியாது என்று சித்தப்பா சொல்வது அத்தனையும் பொய். துளித் தண்ணீர் கூடினால் கண்டுபிடிக்கிறவருக்கு எந்த நேரத்தில் புத்தி தெரியாமல் போகும்?

"பச்சைதான்" என்றேன்.

ஜெயபாண்டிக்கு மூச்சு வந்தது. "தப்பிச்சோம்க்கா. இல்லன்னா இதுக்கும் ஒரு பஞ்சாயத்து வச்சிருப்பாவ."

"ஏலே, நீ என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"என்னத்தக்கா?"

"பச்சையா கறுப்பான்னு கேக்கத் தெரிஞ்சுது உனக்கு. போறியா இருக்கியான்னு கேக்கத் தெரியல."

அவன் பாட்டில் மூடியைத் திருகி மூடினான். மறுபடி திறந்தான். "சித்தப்பா வாக்குக் குடுத்துட்டாருல்லக்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். சித்தப்பாவின் வாக்குக்கு என் புருவத்தைவிட விலை அதிகம் போல.

கார் வந்தது. வெள்ளைச் சட்டையும் கையில் பழப்பையுமாக என் புருஷன் இறங்கினார். முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசினார். என் புருவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றேன். என் துணிப்பை கட்டி வாசலோரம் வைக்கப்பட்டிருந்தது. அதைக் கட்டியது அம்மா, நான் இல்லை.

"ஊத்துலே" என்றார் சித்தப்பா.

ஜெயபாண்டி பச்சைப் பாட்டிலைத் திறந்து ஊற்றி, ரெண்டு கையாலும் நீட்டினான். அவர் வாங்கவில்லை. முகத்தை மட்டும் முன்னால் கொண்டுவந்து மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "பரவால்லையே. கண்டுபிடிச்சிட்டாளே" என்று சித்தப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, என்னைப் பார்த்து, "இனிமே டிஞ்சர் எது, இது எதுன்னு தெரியும்ல?" என்றார்.

சித்தப்பா சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்துத் தம்பியும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

நான் நடந்து போனேன். தம்பி கையிலிருந்த கிளாஸை எடுத்தேன். ஏதோ பரிமாறப் போகிறேன் என்று நினைத்து அவன் விட்டுவிட்டான். தண்ணீர் விடாமல் ஒரே மடக்காகக் குடித்தேன். நெஞ்செலும்பு வரைக்கும் எரிந்தது. "ஏட்டி!" என்று சித்தப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் குனிந்தேன். உட்கார்ந்திருந்த அவர் மூக்குக்கு நேராக என் மூக்கைக் கொண்டுபோனேன். அத்தனை பக்கத்தில் நானாகப் போனது அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்து, உள்ளே இருந்த காற்று முழுவதையும் அவர் முகத்தில் ஊதினேன்.

"மோந்து பாருங்க. நல்லா மோந்து பாருங்க. இது டிஞ்சரா?"

அவர் முகத்தைத் திருப்பினார். கை தானாக மூக்குக்குப் போனது. வாராவாரம் கண்ணை மூடி ரசிக்கிற வாடை, என் வாயிலிருந்து வந்ததும் அவருக்குக் குமட்டியது.

"குடிகாரச் சிறுக்கியையா எனக்குக் கட்டி வச்சிய?" என்று எழுந்து நின்று சித்தப்பாவைப் பார்த்துக் கத்தினார். "இவளக் கூட்டிட்டுப் போயி நான் குடும்பம் நடத்தணுமா?"

"மாப்ள, மாப்ள, அவ புத்தி கெட்டுப்போயி செஞ்சிட்டா. ஒக்காருங்க. செத்த நேரம் பொறுங்க. ஏலே ஜெயபாண்டி, ஒன் அக்காள உள்ள கூட்டிட்டுப் போலே!"

ஜெயபாண்டி அசையவில்லை. ஒரு கையில் பச்சைப் பாட்டில், இன்னொரு கையில் மூடி. மச்சானைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான். என் புருவத்தைப் பார்த்தான். லீவுக்கு வந்து இத்தனை நாளில் அதை அவன் நேராகப் பார்த்தது அப்போதுதான். அம்மா ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து, வாசலோரம் இருந்த துணிப்பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், வெளியே கொடுக்கவா உள்ளே கொண்டுபோகவா என்று தெரியாமல்.

நான் சித்தப்பா கவிழ்த்த நாற்காலியை நிமிர்த்தி, என் புருஷனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். காலி கிளாஸைத் தம்பியிடம் நீட்டினேன். அவன் பாட்டிலைச் சாய்த்தான். பாட்டிலின் வாய் கிளாஸ் விளிம்பில் தட்டி, கிணுக்கென்று ஒரு சத்தம் வந்தது.