மூன்றாவது கழி

2025 மே 14, புதன்கிழமை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் உள்ள மாரசனப்பள்ளி ஏரியில், அளவெடுக்கும் இடங்களுக்கு அடையாளமாகச் சுசித்ரா நட்டிருந்த மூன்று மூங்கில் கழிகளில் இரண்டுதான் நின்றன.

மூன்றாவது இருந்த இடத்தில் பள்ளம். கோடைமழைத் தண்ணீர் முழங்கால் வரை தேங்கியிருந்தது. பிப்ரவரியில் அங்கே ஒரு முழத்துக்குக் கறுத்த சேறு இருந்தது. கரையெல்லாம் டிராக்டர் தடம்.

முனைவர் பட்டத்துக்காக அந்தச் சேற்றிலுள்ள நொதியை அவள் அளந்துவந்தாள். நகரத்துச் சாக்கடை படியவிட்ட கழிவை நுண்ணுயிர்கள் அந்த நொதியால்தான் உடைக்கின்றன. கழிவில் கட்டுண்ட பாஸ்பரஸ் மறுபடி தண்ணீருக்கு வந்து பாசிக்கு உணவாகிறது. சாக்கடையைத் திருப்பிவிட்டு இரண்டு வருடமாகியும் ஏரி பச்சையாகவே கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நிறுவ வேண்டும். அதற்கு ஒரே இடத்தில் வருடத்துக்கு நான்கு அளவுகள். இது நான்காவது. ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

வழிகாட்டிப் பேராசிரியர் மோகன்குமாருக்கு போன் செய்தாள்.

"தோண்டாத எடமாப் பாத்து கொஞ்சம் தள்ளி எடுத்துக்கம்மா. மூணாவது எடம்னே எழுது. யாரு வந்து பாக்கப்போறா?"

கரைக்கு அந்தப் பக்கம் தக்காளித் தோட்டம். பாத்திகள் ஏரிச் சேற்றின் கறுப்பில் இருந்தன. தோட்டக்காரர் தங்கதுரை குச்சிகளில் செடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் சேற்றில் தெர்மாமீட்டர் விடுவதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்.

"என்னம்மா, ஏரிக்கு இன்னும் ஜுரம் எறங்கலியா?"

"வண்டல் எடுத்தது நீங்களாண்ணா?"

"நான்தான். தாலுகா ஆபீசுல பர்மிசன் வாங்கிட்டுத்தான் எடுத்தன். ஒரு மூட்ட உரம் போடல, செடியப் பாரு!"

பார்த்தாள். இரண்டாவது வரிசையில் ஒரு குச்சி மட்டும் மற்றவற்றைவிட உயரம். சிவப்புப் பெயிண்டில் 3 என்று அவள் கையெழுத்து.

"அது என் கழிண்ணா."

"சும்மாதான நின்னுக்கினு இருந்துது! புடுங்கித் தரட்டுமா? செடி சாஞ்சிடும், அவ்ளோதான்."

"வேணாம், உட்டுடுங்க."

ஏரிக்குத் திரும்பி, தோண்டாத ஓரத்தில் சற்று நேரம் நின்றாள். சேறு கைக்கெட்டும் தூரத்தில் பளபளத்தது. பிறகு பள்ளத்தில் இறங்கி, அடியிலிருந்த செங்களியை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் ஆய்வகத்தில் முதல் இரண்டு குழாய்களும் மஞ்சள் கரைத்ததுபோல் நிறம் மாறின. நொதி வேலை செய்தால் அப்படித்தான் மாறும். மூன்றாவது அநேகமாகத் தண்ணீராகவே இருந்தது. மோகன்குமார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தள்ளி எடுக்கலியா?"

"இல்ல சார். அதே எடம்தான். சேறுதான் இல்ல."

"அப்ப இந்த எடத்தோட மூணு அளவும் வீண். இன்னொரு வருசம். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

ஆகஸ்டில் அவள் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. அந்த மாதம் பன்னிரண்டாம் தேதி, அடுத்த வருடத்தின் முதல் அளவுக்காகப் புதிய கழி ஒன்றைப் பள்ளத்தில் நட்டாள். அதில் 4 என்று எழுதியிருந்தது.