இடித்தாரா, அகற்றினாரா

மருந்துக்கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈ ஓட்டுகிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில்தான் மருந்தாளுநர் கல்லாவுக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு, மடிக்கணினியில் கலைக்களஞ்சியம் எழுதுவாள். இணையத்தில் இருப்பது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். காசு கிடையாது. சொந்தப் பெயர் கூட வேண்டாம், புனைபெயர் போதும். அவளுடையது எறும்பு. பறவைகள், பாலங்கள், காய்ச்சல் வகைகள் என்று சிவனே என்று எழுதிக்கொண்டிருந்தவள், அந்த மழைக்காலத்தில் போய் முன்னாள் மேயர் கட்டுரையில் கையை வைத்தாள்.

மேயர் பதவியை விட்டு இறங்கி அதிக காலம் ஆகவில்லை. சிலருக்கு அவர் கண்கண்ட தெய்வம். சிலருக்கு அவர் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். கட்டுரையும் அப்படித்தான் கிடந்தது. ஒரு பத்தி மாலை போடும், அடுத்த பத்தி மண்ணை வாரித் தூற்றும். நடுவில் ஒரு வரி: 'ஆற்றோரக் குடியிருப்பு மேம்படுத்தப்பட்டது.' அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. 'ஆற்றோரக் குடியிருப்பை மேயர் ஈவிரக்கமின்றி இடித்துத் தள்ளினார்' என்று மாற்றினாள்.

சாயங்காலத்துக்குள் அது 'அகற்றப்பட்டது' என்று ஆகியிருந்தது. மாற்றியவர் பெயர் கரடி. அவள் திரும்ப மாற்றினாள். கரடியும் திரும்ப மாற்றினார். இப்படி நாலைந்து தடவை இழுபறி நடந்தபின் இருவரும் கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"ஈவிரக்கமின்றிங்கிறது உங்க கருத்து. களஞ்சியத்துக்குக் கருத்து கிடையாதுங்க" என்று எழுதியிருந்தார் கரடி.

"அகற்றப்பட்டதுங்கிறதும் கருத்துதான். குப்பையைத்தான் அகற்றுவாங்க. வீட்டை இடிப்பாங்க."

மறுநாள்தான் பதில் வந்தது. "யோசிச்சுப் பார்த்தேன், நீங்க சொல்றது சரி. 'இடிக்கப்பட்டது'ன்னு வைப்போம். ஈவிரக்கத்தை எடுத்துடுங்க."

"அது என்ன 'பட்டது'? தானா இடிஞ்சு விழுந்துச்சா?"

"மாநகராட்சி இடித்தது. போதுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மருந்துக்கு வந்து நின்றவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெயரைக் கண்டதும் கரடி விடுகிற ஆள் என்றுதான் நினைத்திருந்தாள். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்காத ஆளாக இருக்கிறாரே என்று தோன்றியது.

கரடியே அடுத்ததைக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு அங்க யாராவது இருந்தாங்களா?"

பதில் எழுதிவிட்டு அழித்தாள். பிறகு மறுபடி எழுதினாள். "எங்கக்கா வீடு அங்கதான் இருந்துச்சு. தையல்காரி. மெஷினை மட்டும்தான் வெளியே எடுக்க முடிஞ்சுது."

"வருத்தமா இருக்குங்க. நானும் சொல்லிடறேன். எங்க மேட்டுத் தெருவுக்கு அவர் காலத்துலதான் குழாய்த் தண்ணி வந்துச்சு. அதுவரைக்கும் குடம் தூக்கித் தூக்கியே எங்கம்மாவுக்கு இடுப்பு போச்சு. அவரை யாராவது திட்டி எழுதினா என் கை தானா அங்க போயிடுது. பார்க்கப்போனா நாம ரெண்டு பேருமே இதுல எழுதக் கூடாது."

"நாம விலகினா மாலை போடுறவங்களும் மண் தூத்துறவங்களும்தான் மிச்சம். மாத்தி எழுதுவோமா? இடிச்சதை நீங்க எழுதுங்க. தண்ணியை நான் எழுதறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, மனது வரவில்லை. விடுமுறை நாளில் நகர நூலகத்துக்குப் போய், பழைய நாளிதழ்க் கட்டுகளையும் மாமன்ற அறிக்கைகளையும் வாங்கி உட்கார்ந்தாள். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதுவது கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. ஆனாலும் மேட்டுத் தெருவில் முதல் முதலாகக் குழாய் திறந்த படத்தைப் பார்த்தபோது மனது இளகத்தான் செய்தது. நனைந்த புடவையோடு பெண்கள் வரிசை கலைந்து நின்றார்கள். ஒருத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை மட்டும் தண்ணீரில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த அறிக்கையில் திட்ட வரைபடம் இருந்தது. மேட்டுக்குத் தண்ணீரை ஏற்றும் நிலையம் எங்கே என்று விரலால் தேடினாள். ஆற்று வளைவு, பழைய படித்துறை, அதற்குப் பக்கத்தில் நிலையத்தைக் குறிக்கும் கட்டம். அக்கா வீடு இருந்த இடம். வரைபடத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

அன்று மாலையே அக்காவின் குடியிருப்புக்குப் போனாள். ஊருக்கு வெளியே, மூன்றாம் மாடி. அக்கா பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க வீட்டை எதுக்கு இடிச்சாங்கன்னு தெரியுமா?"

"பணக்காரங்க நடைப்பயிற்சி போக. வேற எதுக்கு?"

"இல்லக்கா. தண்ணிக்கு. மேட்டுத் தெரு பக்கமெல்லாம் போற தண்ணி அங்கருந்துதான் ஏறுது."

அக்கா மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தண்ணிக்கா?" என்றாள். முடித்த துணியை ஒதுக்கி வைத்துவிட்டு, "தண்ணிக்குன்னு யாருமே சொல்லலியேடி. கரையைச் சீர்படுத்தறோம்னுதானே மைக்ல கத்திக்கிட்டுப் போனாங்க" என்றாள்.

"சொல்லியிருந்தா விட்டுக் கொடுத்திருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். ரோட்டுல படுத்துச் சண்டை போட்டிருப்பேன்." அடுத்த துணியை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். "ஆனா சொல்லியிருக்கணும்ல."

மறுநாள் கடையில் அவள் கரடிக்கு எல்லாவற்றையும் எழுதினாள். சாயங்காலம் அவரிடமிருந்து, "எங்க வீட்டுக் குழாயைத் திறக்கவே ஒரு மாதிரி இருக்குங்க" என்று வந்தது.

பிறகு இருவரும் வேலையைப் பார்த்தார்கள். 'இதற்காக வீடுகள் இடிக்கப்பட்டன' என்று போட்டால் நியாயம் கற்பிப்பது மாதிரி ஆகிவிடும் என்றார் கரடி. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வைத்தால் பூசி மெழுகுவது மாதிரி என்றாள் அவள். வாரம் முழுக்க அந்த ஒரு பகுதியையே உருட்டினார்கள். கடைசியில் மாமன்ற அறிக்கையையும் அந்த நாளைய நாளிதழையும் சான்று காட்டி இப்படி நின்றது: 'கரைச் சீரமைப்பு என்று அறிவித்து மாநகராட்சி ஆற்றோர வீடுகளை இடித்தது. அந்த இடத்தில் கட்டப்பட்ட நீரேற்று நிலையத்திலிருந்து மேட்டுப் பகுதிகளுக்கு முதன்முறையாகக் குழாய்த் தண்ணீர் கிடைத்தது. அறிவிப்பில் நிலையத்தைப் பற்றிய குறிப்பு இல்லை.'

இடிப்பைப் பற்றிய பத்தியில் இதை வைத்தார் கரடி. ஈவிரக்கம் என்ற சொல் எங்கும் இல்லை. கைபேசியை வாங்கிப் படித்த அக்கா, கடைசி வரியிலேயே நின்றாள்.

"யாருடி எழுதினது?"

"மேயருக்கு ஓட்டுப் போட்டவர்."

அக்கா இன்னொரு தடவை படித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாலைக் கோஷ்டியும் மண் கோஷ்டியும் அந்த வரிகளில் அவ்வப்போது கை வைக்காமல் இல்லை. எறும்பு பார்க்கும் முன்னே கரடி சரிசெய்துவிடுவார், அல்லது இவள் முந்திக்கொள்வாள். ஒரு மதியம் உரையாடல் பக்கத்தில் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரி இருந்தது.

"எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உங்கக்கா இப்ப இருக்கிற இடத்துல தண்ணி ஒழுங்கா வருதான்னு கேக்கறாங்க."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருதுன்னு சொல்லுங்க" என்று எழுதினாள் அவள். "மூணாவது மாடிக்கு அக்காதான் குடம் தூக்கிட்டுப் போறா."